மண்ணைப் படித்தால் பிழைக்க முடியுமா என்று கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பிள்ளை பிளஸ் டூவில் பயாலஜி எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், நீட் கைகொடுக்கவில்லை, இப்போது வேளாண்மைதான் படிப்பேன், அதிலும் மண்ணைப் பற்றித்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், "மூணு தலைமுறையா இந்தக் கரிசல்லதான் கிடந்து உழைக்கிறோம், இதைப் போயி காலேஜ்ல படிக்கணுமா" என்று நீங்கள் கேட்கிறீர்கள். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி வைத்துக்கொண்டு மழை பொய்த்த வருஷங்களைக் கண்ணால் பார்த்த ஒருவர் இப்படிக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். ஆனாலும் நான் பிள்ளை பக்கம்தான் பேசப் போகிறேன், கொஞ்சம் நிபந்தனையோடு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு மண்ணியல் என்று தனியாகச் சேர முடியாது. நாலு வருஷம் பி.எஸ்ஸி. வேளாண்மை, அதில் பயிர், பூச்சி, பொருளாதாரம் எல்லாவற்றோடும் மண்ணும் ஒரு பாடம், அதற்கப்புறம் இரண்டு வருஷம் முதுநிலையில்தான் மண்ணியலும் வேளாண் வேதியியலும் தனித்துறையாகக் கிடைக்கும். ஆக ஆறு வருஷக் கணக்கு. நீட் இதற்குத் தேவையில்லை. பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தரவரிசை போடுகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்கள் மட்டும் க்யூட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாக. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிள்ளிகுளத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது, அதை விருப்பப் பட்டியலில் மேலே வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வாசலும் உண்டு. வரப்பு போடுவது, தடுப்பணை கட்டுவது, பண்ணைக்குட்டை வெட்டுவது என்று மண்ணைக் காக்கும் கட்டுமான வேலைகளைத் தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை பார்க்கிறது. அதற்கு பி.டெக். வேளாண் பொறியியல் படிக்க வேண்டும், பிளஸ் டூவில் கணக்கு இருந்தாக வேண்டும். பிள்ளை கணக்கும் சேர்த்து எடுத்திருந்தால் இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும்.

சரி, மூணு தலைமுறை உழுத மண்ணில் படிக்க என்ன இருக்கிறது? உங்கள் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப் புஞ்சை செவலாகவும் தாழ்ந்த பக்கம் கரிசலாகவும் இருக்கிறதா? நம் பக்கம் பல ஊர்களில் அப்படித்தான். பள்ளிக்கூடப் புத்தகம் கரிசல் என்றாலே எரிமலைக் குழம்புப் பாறையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். அது மகாராஷ்டிரத்துக்குச் சரி. கோவில்பட்டியில் எரிமலைக் குழம்பு கிடையாது, இங்கே அடியில் கிடப்பது நைஸ் (gneiss) என்கிற வரிவரியான பழைய கடினப் பாறை. அது சிதையும்போது கரைகிற சுண்ணாம்பும் மற்ற உப்புகளும் மழைத்தண்ணீரோடு பள்ளத்தில் இறங்கித் தேங்கும், மழை குறைவான சீமை என்பதால் கடலுக்கு அடித்துக்கொண்டு போகாமல் அங்கேயே தங்கும், அந்த இடத்தில்தான் நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண் உருவாகும். மேட்டில் உப்பெல்லாம் வடிந்துபோய் இரும்புத் துரு மிஞ்சி நிலம் சிவப்பாகும். சித்திரை மாதம் உங்கள் கரிசல் வெடிப்புக்குள் முழங்கை வரை கை போகிறதே, அதற்குக் காரணம் அந்தக் களிமண்தான்.

இது தெரியாமல் வேலை செய்தால் காசு வீணாகும். செவலில் சம உயர வரப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகிற வரப்பு, போட்டால் நன்றாக நிற்கும். ஆழக் கரிசலில் அதே வரப்பு கோடையில் வெடித்துவிடும், ஐப்பசி மழை வந்ததும் அந்த வெடிப்பு வழியாகவே உடைத்துக்கொண்டு மேல்மண்ணை அள்ளிப் போய்விடும். கரிசலுக்கு லேசான சரிவு கொடுத்து மிச்சத் தண்ணீரை வடியவிடும் வரப்போ, நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தடுத்து மழை விழுந்த இடத்திலேயே இறங்க வைப்பதோதான் ஒத்துவரும். இதை ஊருக்குள் வந்து சொல்ல ஆள் வேண்டும் அண்ணாச்சி. பருத்திக்குள் உளுந்து, கம்போடு பாசி, அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை என்று இருந்த புஞ்சையில் இப்போது வருஷா வருஷம் மக்காச்சோளம் மட்டும் போடுகிறார்கள். மண் என்ன ஆகிறது என்று அளந்து சொல்லத் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகளில் எத்தனை பேர்? கோவையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று இன்றும் நடக்கிறது, நூறு வருஷம் ஒரே நிலத்தைக் கவனிக்கிற பொறுமை இந்தத் துறைக்கு உண்டு.

வேலைக்கு வருகிறேன். பி.எஸ்ஸி. முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மை அலுவலர், வங்கிகளில் வேளாண் கள அதிகாரி. முதுநிலைக்கு மேலே போனால் ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானித் தேர்வு, போபாலில் மண்ணியல் நிறுவனம், நாக்பூரில் மண்வள அளவை, டேராடூனில் மண், நீர்ப் பாதுகாப்பு நிறுவனம், அதற்கு ஊட்டியிலேயே ஒரு மையம். உர நிறுவனம், சொட்டுநீர் நிறுவனம், பரிசோதனைக்கூடம் எல்லாம் ஆள் எடுக்கின்றன. உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: அரசு அறிவிப்பு வருஷா வருஷம் வரும் என்று நம்பி உட்கார முடியாது, தனியாரில் முதல் வேலை பெரும்பாலும் வெயிலில் ஊர் ஊராக அலையும் விற்பனை வேலைதான், சம்பளமும் ஆரம்பத்தில் சுமார்தான்.

தனியார் கல்லூரி என்று யாராவது வந்து பேசினால் ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு, தேதி பார்த்து, அதன் பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் நாலு வருஷம் லட்சக்கணக்கில் கட்டிப் படித்துவிட்டு, அங்கீகாரம் இல்லாததால் ஐ.சி.ஏ.ஆர். முதுநிலை இடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் நின்றான். அவன் அப்பா என் முன்னால் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது நிபந்தனை. டாக்டர் சீட் கிடைக்காத வருத்தத்தில் அவள் இதைப் பிடித்திருக்கிறாளா, நிஜமாகவே பிடிக்குமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் புஞ்சைக்குக் கூட்டிப் போங்கள். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், வரப்போரமும் மரத்தடியும் எருக்குழிப் பக்கமும் விட்டுவிட்டு, மேல்சருகை ஒதுக்கி, அரையடி ஆழத்துக்கு வி வடிவில் வெட்டி, பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் சுரண்டி மண் எடுக்கட்டும். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, மறுபடி கலந்து, அரைக்கிலோ மிஞ்சும் வரை இதையே செய்து நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கட்டும். அவர்கள் கொடுக்கும் மண்வள அட்டையில் 12 விவரம் வரும். அதில் கரிமச்சத்து, அதாவது மக்கிய இலைதழை, எருவிலிருந்து மண்ணில் சேரும் கார்பன், 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அர்த்தம். அது ஏன் குறைந்தது என்று அவள் உங்களிடம் கேட்கிறாளா பாருங்கள்.

அப்படியே ஒரு மூலையில் இடுப்பளவு குழி ஒன்றும் வெட்டிக் கொடுங்கள். மேலே கருப்பு, கீழே போகப் போக நிறம் மாறி, அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) வரும். அந்தச் சுவரை அவள் வரைந்து, எத்தனை விரற்கடைக்கு ஒரு தடவை நிறம் மாறுகிறது என்று குறித்து எனக்கு அனுப்பட்டும். கலந்தாய்வுக்கு முன்னால் மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுவோம்.