மருத்துவர் பதில்: இரவு டியூட்டி, ஒரு குவார்ட்டர், அப்புறம் பைக்

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. கடற்கரையோர ஸ்டேஷன் ஒன்றில் ஏட்டாக இருக்கிறார். சில வருடங்களாக டியூட்டி முடிந்ததும் குடிக்கிறார், வேலை டென்ஷன் என்கிறார். முன்பு கட்டிங், இப்போது தினமும் ஒரு குவார்ட்டர். குடித்துவிட்டு பைக்கில்தான் வீட்டுக்கு வருகிறார். கேட்டால், “ரோட்டில் நிற்பதெல்லாம் நம்ம ஆளுங்கதான், என்னை யார் ஊதச் சொல்லப்போறான்?” என்கிறார். போன வாரம் காலையில் பார்த்தால் பைக் இண்டிகேட்டர் உடைந்து தொங்குகிறது. எங்கே இடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், டிபார்ட்மெண்டுக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்கிறார். சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருப்பதாக நாத்தனார் சொல்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, உச்சிப்புளி அருகே

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் இன்றே எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். நாத்தனார் சொல்வது பெரும்பாலும் டைசல்பிராம் மாத்திரையாக இருக்கும். அது உள்ளே இருக்கும்போது குடித்தால், மது முழுதாக உடையாமல் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு இரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், பி.பி. சரசரவென இறங்கும். உயிர் போகவும் கூடும். விவரம் முழுவதும் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் இருப்பவருக்கு மட்டுமே அதைக் கொடுப்போம். உங்கள் கணவருக்குத் தெரியாமல் கொடுத்தால் அவர் வழியில் குடிப்பார், பைக்கில் ஏறுவார், இருட்டில் தனியாக விழுவார். ஏன் விழுந்தார் என்பது தூக்கி வருபவர்களுக்குக்கூடத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த இண்டிகேட்டர்தான். இடித்தது ஞாபகம் இல்லை என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மது வேகமாக ஏறும்போது மூளை புதிய நினைவுகளைப் பதியவைப்பதை நிறுத்திவிடும். ஆள் பேசுவார், கியர் மாற்றுவார், வீட்டுக் கதவையும் தட்டுவார். ஆனால் எதுவும் பதிவாகியிருக்காது. அந்த நிலையில்தான் அவர் அன்று வண்டி ஓட்டியிருக்கிறார்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் அதை வேகமாகக் குடித்தால் 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிகிராமைத் தாண்டலாம். வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. இரவு 11 மணிக்குக் குடித்தவர் காலை 6 மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பும்போதும் இரத்தத்தில் மது மிச்சம் இருக்கலாம்.

அவரை யாரும் ஊதச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ராமேஸ்வரம் ரோட்டில் லைட் போடாமல் ஓரங்கட்டிய மீன் லாரிக்கும், குறுக்கே படுத்திருக்கும் மாட்டுக்கும் அவர் ஏட்டு என்று தெரியாது. பாம்பன் பாலத்துப் பக்கக் காற்றில் நிதானமாக இருப்பவருக்கே கைப்பிடி ஆடும். யாரையாவது இடித்துவிட்டால் அதற்குப் பிறகு எதையும் மறைக்க முடியாது. இரத்த மாதிரி எடுப்பார்கள், மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் வழக்கு வரும். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். துறை நடவடிக்கை தனி. அவருடைய வேலைக்கு ஆபத்து ஆஸ்பத்திரியில் இல்லை, ரோட்டில்தான் இருக்கிறது. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

வேலை டென்ஷன்தான் காரணம் என்று அவர் சொல்வதை நான் சாக்கு என்று ஒதுக்க மாட்டேன். இந்த மாவட்டத்துக் காவலர்களின் வருடத்தைப் பாருங்கள். தை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, இரண்டுக்கும் நாள் கணக்கில் பந்தோபஸ்து. நின்றே பழகிய கால்கள், ஆறிப்போன பொட்டலச் சாப்பாடு, கேட்டும் கிடைக்காத லீவு, பொதுமக்கள் முன்னால் வாங்கும் திட்டு. கரை ஒதுங்கிய பிரேதத்தை ஆள் சேர்த்துத் தூக்குவதும், அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் ஏட்டு வேலைதான். அன்று ராத்திரி அவர் தூங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தூக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பந்தோபஸ்து முடிந்து வரும் காவலர் ஒரு சொட்டு குடிக்காவிட்டாலும் வண்டி ஓட்டும் நிலையில் இருக்க மாட்டார். அதன் மேல் குவார்ட்டரும் சேர்கிறது. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மை. ஆனால் அந்தத் தூக்கம் நீடிக்காது. அதிகாலை மூன்று மணிக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்து விழிப்பு வரும். மறுநாள் எரிச்சல், கை நடுக்கம், ஏறிய பி.பி. அதையும் அவர் வேலை டென்ஷன் என்றே நினைப்பார். அதில் ஒரு பாதி முந்தின ராத்திரி பாட்டில் கொடுத்தது.

உடனே பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவிடாதீர்கள். தினமும் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் நடுக்கம், சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆள் நிற்பதாகச் சொல்லிக் குழம்பவும் செய்யலாம். அது அவசர நிலை, 108-ஐக் கூப்பிட வேண்டும். ஒன்று யோசித்துப் பாருங்கள்: சபரிமலைக்கு மாலை போட்டோ வேறு காரணத்துக்காகவோ அவர் எப்போதாவது நிறுத்தினாரா? அப்போது கை நடுங்கியதா, தூக்கமே இல்லாமல் இருந்தாரா? ஆமாம் என்றால் வீட்டில் வைத்து நிறுத்த முயலக் கூடாது.

சிகிச்சை பெரிய மர்மம் இல்லை. நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க ஒரு வாரம் போல அளவு குறைத்துக்கொண்டே போகும் மாத்திரை, மூளையைக் காக்க தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பிறகு குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் அல்லது அகாம்ப்ரோசேட். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து எது என்று முடிவு செய்வார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். தெரிந்த முகங்கள் வேண்டாம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள். குடிநோய்க்கான சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. நேரில் வரத் தயங்கினால் 14416-இல், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில், எந்த நேரமும் தமிழில் பேசலாம். “இருந்து என்ன செய்ய” என்பது போல அவர் ஏதாவது பேசினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், தனியே விடாதீர்கள், அப்போதே கூப்பிடுங்கள். காவலர்களின் வாராந்திர ஓய்வுக்கு 2021-இலேயே அரசாணை வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் சில வாரம் ஆகும். பைக்குக்கு இன்றே வழி செய்யுங்கள். குடித்துவிட்டு வாசலில் நிற்கும்போது பேசாதீர்கள். மறுநாள் நிதானமாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். “உங்க வேலையை நான் குறை சொல்லல, சாவியைப் பத்தி மட்டும் பேசுறேன்” என்று ஆரம்பியுங்கள். குடிக்கும் நாளில் பைக் ஸ்டேஷனிலேயே நிற்கட்டும். கூட வேலை செய்யும் குடிக்காதவர் கொண்டுவந்து விடலாம், உங்கள் தம்பியோ கொழுந்தனோ போய் அழைத்து வரலாம். பிள்ளைகளை மட்டும் அவர் பின்னால் ஏற்றிவிடாதீர்கள், காலை ஸ்கூலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை வரும்போது தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். முந்தின நாள் குடித்திருந்தாலும் பரவாயில்லை, அழைத்து வாருங்கள், திருப்பி அனுப்ப மாட்டார்கள். பஸ்ஸில் வாருங்கள்.