அப்பா எடுத்த பழைய சென்னைப் படங்கள்: ஆண்டு கண்டுபிடிப்பதும் பாதுகாப்பதும் எப்படி?

பெட்டி நிறையப் படம் இருந்தும் பின்னால் ஒரு எழுத்துகூட இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேன் எல்லாம் அப்புறம். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, அவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்துவிடுங்கள்.

ஆண்டை ஓரளவு படமே சொல்லிவிடும். தெருவில் டிராம் ஓடினால் 1953 அல்லது அதற்கு முந்தையது. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் முழுதாக நின்றால் 1959-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. ஜெமினி மேம்பாலம் திறந்தது 1973-இல். சென்ட்ரல் பக்கத்தில் செங்கல் சிவப்பில் மூர் மார்க்கெட் தெரிந்தால், 1985-இல் அது எரிவதற்கு முன் எடுத்தது. ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருக்கும் கடைப் பலகை, வண்டி, சினிமா போஸ்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். போஸ்டரில் படப்பெயர் படிக்க முடிந்தால் வருடம் கிட்டத்தட்டக் கைக்கு வந்த மாதிரிதான் (பழைய படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிய ஊர் இது, கொஞ்சம் கவனம்).

பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டதைப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) தாராளம். பின்புறம் எழுத பால்பாயின்ட் ஆகாது, மை மறுபக்கம் அழுந்தித் தெரியும். மென்மையான பென்சில் போதும். நெகட்டிவ் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிண்டைவிட அதில்தான் விவரம் அதிகம்.