உருகும், ஆனால் ஊற்ற வராது: டிபிஇ குருணை வாங்கும் முன்

கேள்வி: நாற்காலி, தையல் மெஷின் கால்களுக்கு ரப்பர் புஷ் செய்து பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஆன்லைனில் 5 கிலோ டிபிஇ (சூட்டில் இளகும் ரப்பர் மாதிரி பிளாஸ்டிக்) குருணை வாங்கினேன். 'வீட்டிலேயே உருக்கி அச்சில் ஊற்றலாம்' என்று போட்டிருந்தது. ஓடிஜி அடுப்பில் 200 டிகிரி வைத்தும் பசை மாதிரி இழுக்கிறதே தவிர, ஊற்ற வரவில்லை. சிலிக்கோன் அச்சில் அள்ளி வைத்தால் உள்ளே முழுக்கக் குமிழி. சூட்டை இன்னும் கூட்டலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: கூட்டாதீர்கள். பொருள் கருகி, கண் எரிகிற புகைதான் வரும். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓடிஜியாக இருந்தால் இந்த வேலையை இப்போதே நிறுத்திவிடுங்கள்.

டிபிஇ என்கிற தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் சூட்டில் இளகும், ஆறினால் மறுபடி ரப்பராகும். விற்றவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அதன் மூலக்கூறுகள் நீள நீளமான சங்கிலிகள். இளகிய பிறகும் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் கிடக்கும். அதனால்தான் தொழிற்சாலையில் 180 முதல் 230 டிகிரி வரை சூடாக்கியதோடு விடாமல், ஸ்க்ரூ வைத்துப் பெரும் அழுத்தத்தில் அச்சுக்குள் தள்ளுகிறார்கள். உங்கள் அடுப்பில் சூடு இருக்கிறது, தள்ளும் விசை இல்லை. குருணைகளுக்கு நடுவே இருந்த காற்றும் வெளியேற வழியில்லாமல் குமிழியாக நின்றுவிட்டது. ஈரம் இருந்தால் குமிழி இன்னும் மோசமாகும்.

வாங்கும் முன் விற்பவரிடம் பொருளின் டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்கி, அதில் 'மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ்' எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் 190 அல்லது 230 டிகிரியில், 2.16 கிலோ எடையை மேலே வைத்து அழுத்தி, 2 மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிய துளை வழியாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது என்று அளந்து சொல்லும் எண் அது. 10 என்று போட்டிருந்தால், அவ்வளவு எடை அழுத்தியும் 10 நிமிடத்தில் 10 கிராம்தான் வந்தது என்று அர்த்தம். க்ளூ கன்னில் போடும் குச்சி இதைவிடப் பல மடங்கு எளிதாக ஓடும். அதுவே எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்திருப்பீர்கள். ஆகவே எண் 10, 20 என்று இருக்கும் குருணையை 'ஊற்றலாம்' என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். டேட்டா ஷீட் இல்லை என்பவரிடமும் வாங்காதீர்கள்.

நிஜமாகவே ஊற்ற வரும் ஒரு வகை உண்டு. எஸ்இபிஎஸ் என்னும் டிபிஇ-யில் பல மடங்கு மினரல் ஆயிலைக் கலந்த ஜெல் அது. ஜெல் மெழுகுவத்தி இந்தக் குடும்பம்தான். ஆனால் அது ஜெல்லி போலக் கொழகொழவென்று இருக்கும். நாற்காலியின் பாரத்தைத் தாங்காது. எண்ணெய் நிறைந்தது என்பதால் சூடு மீறினால் தீப்பிடிக்கவும் செய்யும். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும்.

உங்களுக்கு வேண்டிய புஷ்ஷுக்கு, ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் 70, 80 இருக்க வேண்டும். இரண்டு பாகமாக வந்து, கலந்து ஊற்றினால் தானே இறுகும் பாலியூரிதேன் ரப்பர் அதற்குப் பொருந்தும். அடுப்பே தேவையில்லை. ஒரு பாகத்தில் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதலான ஐசோசயனேட் இருப்பதால் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். ஈரம் பட்டால் நுரைக்கும், மழை நாளில் வேண்டாம். ரெசின் ஆர்ட் கடைகளில் கிடைக்கும் அச்சு செய்யும் சிலிக்கோன் ரப்பரை வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது மிருதுவானது, கிழியும். போதாததற்கு, உங்கள் சிலிக்கோன் அச்சிலேயே ஊற்றினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

அந்த 5 கிலோ வீண் இல்லை. கையால் நெம்பி அழுத்தும் ஹேண்ட் மோல்டிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிற பட்டறைகள் உண்டு. டேட்டா ஷீட்டோடு போய்க் கேளுங்கள். டை (உலோக அச்சு) செய்யத்தான் செலவு. எத்தனை புஷ் விற்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

இன்னொன்று: உருகிய டிபிஇ தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பிய்த்து எடுக்காமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அதே குருணைக்குப் பணம் திரும்பக் கேட்டேன். 'பாக்கெட் பிரித்தாகிவிட்டது, மேலும் நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள்' என்கிறார் விற்பவர். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஊற்ற முடியாது என்பது பிரித்து உருக்கினால்தானே தெரியும்? 'அச்சில் ஊற்றலாம்' என்ற அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பிறகு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்.

வியாபாரம் என்ற வாதம் கொஞ்சம் கவனிக்க வேண்டியதுதான். மறுவிற்பனைக்கோ வணிகத்துக்கோ வாங்குபவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் நிலைமை அதுவானால், புகாரிலேயே தெளிவாக எழுதுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: பழைய செருப்பு, மொபைல் கவர் எல்லாம் ரப்பர்தானே, அவற்றை உருக்கலாமா?

பதில்: வேண்டாம். ஹவாய் செருப்பின் ரப்பர் வல்கனைஸ் செய்தது, அதாவது கந்தகம் சேர்த்துச் சூட்டில் நிரந்தரமாக இறுக்கியது; எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது, கருகும். மெத்தென்ற நுரைச் செருப்பும் பெரும்பாலும் அப்படித்தான். சில செருப்புகள் பிவிசி. அதிகச் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்குக் கேடு. மொபைல் கவரில் டிபியு (டிபிஇ-யில் ஒரு வகை), சிலிக்கோன், பாலிகார்பனேட் என்று பல வகை. பார்த்துப் பிரிக்க முடியாது. டிபியு உருகும் என்றாலும் மேலே சொன்ன அதே பிசுபிசுப்புதான், ஊற்ற வராது.