எந்த நம்பர் நூல்?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு நெசவு ஆசை வந்தது. பெங்களூரில் இருக்கும் என் சித்தி, வாங்கிப் போட்டுவிட்டுத் தொடாமலே வைத்திருந்த மேஜைத் தறி ஒன்றைக் கொடுத்தார். 15 அங்குல அகலம். அதற்கு நூலும் சாயமும் வாங்கலாம் என்று போன வாரம் ஈரோட்டில் ஒரு நூல் கடைக்குப் போனேன். முடிந்தால் ஒரு ராட்டையும் வாங்க நினைத்திருந்தேன். வெளிநாட்டுக் காணொளிகளில் இதெல்லாம் ஒரே கடையில் அழகாக அடுக்கியிருக்கும். அதே நினைப்பில் போய்விட்டேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நம்பருங்க?" எனக்குத் தெரியவில்லை. "எத்தனை கட்டுங்க?" அதுவும் தெரியவில்லை. "உங்களுக்கு இங்க ஒண்ணும் ஆகாதுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு இணையத்தில் விற்கிறார்களே, அதை வாங்கிக்கொள்ளட்டுமா? மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ச., பெருந்துறை

அன்புள்ள ச.,

மறுபடியும் போங்கள். அதே கடைக்குப் போங்கள். பெட்டி வேண்டாம். அதில் வரும் நூல் தீர்ந்ததும் இப்போது நிற்கும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

"எந்த நம்பருங்க?" என்று அவர் கேட்டது உங்களை விரட்டுவதற்காக இருக்காது. சாப்பாட்டுக் கடையில் "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்பார்களே, அந்த மாதிரிதான். நூலுக்கு அங்கே வேறு பெயர் கிடையாது. மெல்லிசு, தடிமன், நைஸ் என்றெல்லாம் சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. சென்னிமலையில் என் அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிவிட்டு, "இது நாப்பது இல்ல, முப்பது" என்று சொல்லி நூலைத் திருப்பி அனுப்புவார். சொன்னது தப்பிப் போய் நான் பார்த்ததில்லை.

அந்த நம்பர் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நூலை ஒரு பெரிய வளையமாகச் சுற்றி முறுக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதுதான் சிட்டம். ஒரு சிட்டம் 840 கஜம், மீட்டரில் சுமார் 768. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அது நூலின் நம்பர். 20 சிட்டம் நின்றால் 20-ஆம் நம்பர், 40 நின்றால் 40-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். கிலோவுக்கு மாறி இத்தனை வருஷம் ஆகியும், பருத்தி நூல் மட்டும் பவுண்டையும் கஜத்தையும் விடவில்லை.

அடுத்தது 2/20, 2/40 என்று எழுதியிருக்கும் நூல். 20-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கினால் 2/20. கனத்தில் அது 10-ஆம் நம்பருக்குச் சமம், ஒரு சிட்டம் 45 கிராம் வரும். நீங்கள் இதைத்தான் வாங்க வேண்டும். காரணம் இருக்கிறது. ஒற்றை இழை நூலைப் பாவாக, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலாகப் போட்டால் கஞ்சி போட்டாக வேண்டும். போடாவிட்டால் தறியில் சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் உரசி உரசிப் பஞ்சு கிளம்பும், அப்புறம் இழை இழையாக அறும். சென்னிமலைத் தெருக்களில் விடிவதற்கு முன்பே பாவை நீளமாக இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தேய்த்து முடிப்பார்கள். ஒரு வீட்டு வேலையாக அது நடக்காது, அக்கம்பக்கத்து ஆட்களும் வருவார்கள். உங்கள் வீட்டு வரவேற்பறையில் தனியாளாக அதைச் செய்ய முடியாது. முறுக்கிய இரட்டை இழை கஞ்சி இல்லாமலே தாங்கும்.

சரி, எவ்வளவு வாங்குவது? 15 அங்குல அகலம், அங்குலத்துக்கு 36 இழை என்று வையுங்கள். 540 இழை. பாவின் நீளம் 3 மீட்டர் என்றால் 1,620 மீட்டர், அதாவது இரண்டு சிட்டத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மீட்டர் துணி நெய்ய குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு ஒன்றரைச் சிட்டம் போகும். அறுந்தது, முடிச்சு விழுந்தது, தப்பாகக் கோத்து வெட்டியது எல்லாம் சேர்த்து 5 சிட்டம் வாங்குங்கள். கால் கிலோகூட ஆகாது.

இப்போது "எத்தனை கட்டு?" என்ற கேள்விக்கு வருவோம். ஒரு கட்டு 10 பவுண்டு, நான்கரை கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். 2/20 நூலில் ஒரு கட்டுக்கு 100 சிட்டம். உங்கள் தறியில் இருபது முறை பாவு போடலாம். 5 சிட்டத்துக்காக அவர் ஒரு கட்டைப் பிரித்தால், மீதி 95 சிட்டத்தை முழுக் கட்டாக யாருக்கும் விற்க முடியாது. அவர் முகம் மாறியது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதனால் இப்படிக் கேளுங்கள்: "2/20 சிட்ட நூல், பிரிச்ச கட்டுல மிச்சம் இருந்தா அஞ்சு சிட்டம் குடுங்க." நிறம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றும் சொல்லுங்கள். அநேகமாக எல்லாக் கடையிலும் ஒரு மூலையில் அப்படி மிச்சம் கிடக்கும். விலை கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், உங்களுக்காக அவர் ஏணி போட்டு ஏறியிருப்பார்.

கூம்பில் சுற்றிய கோன் நூல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்லலாம். நெய்ய மட்டும் என்றால் அது சரிதான். ஆனால் சாயம் போடும் எண்ணம் இருந்தால் சிட்டமே வேண்டும். கோனில் நூல் இறுக்கமாகச் சுற்றியிருக்கும், வீட்டுப் பாத்திரத்தில் போட்டால் சாயம் உள்ளே இறங்காது. சிட்டம் தண்ணீரில் விரிந்து கிடக்கும். கைத்தறிக்காரர்கள் வாங்குவதும் சிட்டம்தான். அதனால் மில்கள் உள்நாட்டுச் சந்தைக்குத் தரும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகவே கொடுக்க வேண்டும் என்று அரசு விதி வைத்திருக்கிறது. 40 சதவீதமாக இருந்த அந்தப் பங்கை 2019-இல் 30 ஆகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இது வருத்தம். நீங்கள் வாங்கப்போகும் 5 சிட்டம் அந்தக் கணக்கில் ஒரு துளிதான், இருந்தாலும் சிட்டத்தைக் கேட்டு வாங்க இன்னொரு ஆள் வருவது நல்லது.

போகும்போது தறியிலிருந்து அச்சைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். இது முக்கியம். சீப்பு மாதிரி இருக்குமே, பாவு இழைகள் அதற்குள் நுழைந்து வரும், அதுதான் அச்சு. அதற்கும் நம்பர் உண்டு. 2 அங்குலத்தில் எத்தனை இடைவெளி என்று எண்ணினால் அதுவே நம்பர். ஒரு இடைவெளிக்கு இரண்டு இழை கோத்தால், அந்த நம்பரே ஒரு அங்குலத்துக்கான இழைக் கணக்காகிவிடும். 36-ஆம் நம்பர் அச்சு என்றால் அங்குலத்துக்கு 36 இழை. உங்கள் தறி வெளிநாட்டு அளவில் செய்ததாக இருந்தால் எண் வேறு மாதிரி இருக்கலாம். ஸ்கேல் வைத்து எண்ணிவிட்டுப் போங்கள். அச்சைக் கையில் பார்த்ததுமே கடைக்காரர் உங்களிடம் பேசும் விதம் மாறும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரே கடையில் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் அப்படிக் கிடைக்காததற்குக் காரணம் வேலையே பலர் கையில் பிரிந்து கிடந்ததுதான். நூற்றவர் ஒருவர், சாயம் போட்டவர் ஒருவர், பாவு ஓட்டியவர் ஒருவர், நெய்தவர் இன்னொருவர். அவரவருக்கு வேண்டியதை அவரவர் கடையில் வாங்கினார்கள். அதனால் நூலுக்கு நூல் கடை. அச்சு, விழுது (பாவு இழைகளைத் தூக்கி இறக்குவது), நாடா (ஊடையைக் குறுக்கே கொண்டுபோவது), தார்க்குச்சி (நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றி வைக்கும் குச்சி) இவற்றுக்குத் தறிச்சாமான் கடை. சாயத்துக்குச் சாயக் கடை. கடுக்காய்க்கும் படிகாரத்துக்கும் நாட்டு மருந்துக் கடை. ராட்டை வேண்டுமென்றால் கதர் நூற்கும், நெய்யும் சர்வோதய சங்கத்தில் விசாரிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஊரைச் சுற்றுவது போலத் தோன்றும். எனக்கு அந்த அலைச்சல் பிடிக்கும். ஒவ்வொரு கடையிலும் ஒரு வேலையின் பேச்சு காதில் விழும்.

ராட்டையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். நூற்கப் பழகுவது தனி வேலை. முதலில் கையால் சுழற்றி நூற்கும் ஒரு தக்களி போதும். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லாத கொடுமணலில், நொய்யல் கரையில், அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. ஒரு வட்டு, நடுவில் ஒரு துளை, அதில் ஒரு குச்சி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அதே நொய்யல் கரையில் நூற்றவர்கள் வைத்திருந்தது அவ்வளவுதான்.

சாயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் தடவை நூலை வாங்கி வந்த அன்றைக்கே சாயத் தண்ணீரில் முக்கிவிட்டேன். எடுத்துப் பார்த்தால் திட்டுத்திட்டாக, சில இடத்தில் நூல் வெள்ளையாகவே இருந்தது. சாயம் மட்டமானது என்று கோபத்தோடு சிட்டத்தையும் எடுத்துக்கொண்டு சாயக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர். என்னை ஒன்றும் சொல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீரை நூலின் மேல் விட்டார். தாமரை இலையில் நிற்பது போல நின்றது. "தண்ணியே உள்ள போகல, சாயம் எப்படிங்க போகும்?" என்றார். பச்சை நூலில், அதாவது இன்னும் வேக வைக்காத, வெளுக்காத நூலில், பருத்தியின் இயற்கையான மெழுகு இருக்கிறது. சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து அலசினால்தான் அது போகும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறுவதைப் பார்ப்பீர்கள். அப்புறம் ஒரு சொட்டு விட்டால் விட்ட கணத்தில் உறிஞ்சிக்கொள்ளும். கோபமாகப் போன எனக்கு உட்கார நாற்காலி போட்டு, அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை செய்கிறேன்.

சாயக் கடையில் "கோல்டு பிராண்ட் ரியாக்டிவ்" என்று கேளுங்கள் (தங்கம் இல்லை, குளிர் என்னும் cold). கொதிக்க வைக்க வேண்டாம், உப்பும் சலவை சோடாவும் சேர்த்தால் சாதாரணச் சூட்டிலேயே பருத்தியைப் பிடித்துக்கொள்ளும். அளவு நூலின் எடையைப் பொறுத்தது. 2 சதவீதம் என்றால் 100 கிராம் நூலுக்கு 2 கிராம் சாயம். 10 கிராம் பொட்டலம் கேளுங்கள். வேட் (vat) சாயம் எளிதில் வெளுக்காது, ஆனால் அதற்குக் காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ் என்ற கடுமையான ரசாயனங்கள் வேண்டும். வீட்டில் வேண்டவே வேண்டாம். எந்தத் தூளாக இருந்தாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கலக்குங்கள், சமையல் பாத்திரத்தை அதற்கு எடுக்காதீர்கள்.

தூள் சாயமே வேண்டாம் என்று தோன்றினால் கடுக்காயில் தொடங்குங்கள். நூலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்த் தூளை ஊற வைத்து, நூலை அதில் ஓர் இரவு போட்டு, காய வைத்து, பிறகு படிகாரத் தண்ணீரில் போட்டால் இளமஞ்சள். அதே கடுக்காய் நூலை, துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் புளிக்க வைத்து எடுத்த சாறில் முக்கினால், கண் முன்னே கறுக்கும். கலம்காரித் துணி ஓவியங்களில் வரும் கறுப்பு இதுதான். முதல் தடவை அது கறுத்ததைப் பார்த்து நான் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாயத் தண்ணீர் மிச்சமானால் கிணற்றடியிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். முதலிலேயே குறைவாகக் கலந்து, அதே தண்ணீரில் இரண்டாவது, மூன்றாவது சிட்டத்தைப் போட்டு நிறம் முழுக்கத் தீரும்வரை பயன்படுத்துங்கள். வெளிர் நிறங்கள் வரிசையாகக் கிடைக்கும், துண்டில் கோடு போட உதவும். நாம் நொய்யல்காரர்கள். ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். சில வருஷத்தில் அது திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாகி, கீழே இருந்த கிணறுகளும் வயல்களும் உப்பேறிப் போயின. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. என் மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஒரு வாளி அந்த ஆலைகளுக்கு ஈடாகாது, தெரியும். ஆனாலும் என்னால் ஒரு வாளியைக்கூட மனசாரக் கீழே ஊற்ற முடிவதில்லை.

சிரித்த அந்த இரண்டு பேரைப் பற்றி நினைத்துக்கொண்டே இருந்தேன். நெசவாளிகளாகத்தான் இருக்க வேண்டும். தங்கள் பிள்ளைகளைத் தறிக்கு வராமல் படிக்க வைத்த தலைமுறை அது. படித்த ஒரு பெண் தானாக நூல் கேட்டு வந்து நின்றது அவர்களுக்கு விசித்திரமாக இருந்திருக்கலாம். உங்களுக்கு வலித்தது நிஜம், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த முறை அப்படி யாராவது நின்றிருந்தால் அச்சை அவர்களிடம் நீட்டி, "இதுக்கு 2/20 சரியா வருங்களாண்ணா?" என்று கேளுங்கள்.

மாதக் கடைசியில் கடைகளில் கணக்குப் பார்ப்பார்கள், அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு மத்தியானம் மூன்று மணி வாக்கில் போங்கள். கூட்டம் இருக்காது. நூல் கிடைத்ததும் எழுதுங்கள், பாவு போடுவதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.