கிளிப் போட்ட பல்: கண் வைக்க வேண்டியது ஈறோரத்தில்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பல்லுக்குக் கிளிப் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. கன்னத்தின் உட்புறம் புண். கடைசிப் பல்லுக்குப் பின்னால் கம்பி குத்துகிறது. போன வாரம் ஒரு பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னப் பிடி) கழன்று, கம்பியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருவதால் மேலோட்டமாகத்தான் தேய்க்கிறாள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் பயப்படுகிற விஷயம் ஒன்று, நான் கவலைப்படுகிற விஷயம் வேறு. கன்னப் புண் ஆறிவிடும், பிராக்கெட்டைத் திரும்ப ஒட்டிவிடலாம். மேலோட்டமாகத் தேய்ப்பதுதான் ஆபத்து. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து இருக்கிறதே, அங்கே அழுக்குப் படலம் தங்கினால் நாலே வாரத்தில்கூட எனாமலில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் திட்டு விழலாம். கிளிப்பைக் கழற்றிய பிறகும் அது முழுதாக மறையும் என்று சொல்ல முடியாது.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் மகளின் உதட்டைத் தூக்கி, ஈறோரத்தில் பல்குச்சியின் பக்கவாட்டால் மெதுவாக வழியுங்கள். வெண்ணெய்போல ஏதாவது வந்தால் அந்த இடத்தில் பிரஷ் படவே இல்லை. பிறகு டிஷ்யூ தாளால் பல்லை ஒற்றிக் காயவிட்டுப் பாருங்கள். ஆரம்பத் திட்டு எச்சில் ஈரத்தில் தெரியாது, பல் காய்ந்தால்தான் கண்ணில் படும். மேல்வரிசையில் நடுப்பற்களுக்குப் பக்கத்துப் பல்லையும் கோரைப்பல்லையும் தவறாமல் பாருங்கள்.

ரத்தம் வருவது பிரஷ் பட்ட காயத்தால் அல்ல. அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருக்கிறது, அதனால்தான் தொட்டதும் கசிகிறது. தேய்ப்பதைக் குறைத்தால் இன்னும் வீங்கும். மென்மையான பிரஷால் ஈறோரத்தை ஒழுங்காகத் தேய்த்துவந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கும். அப்படியும் நிற்காவிட்டால் பல் மருத்துவர் ஈறைப் பார்க்க வேண்டும்.

தேய்க்கும் முறை கிளிப்புக்கு முன்பு இருந்த முறை அல்ல. ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு ஓரம். மேல்பல்லில் பிரஷை 45 டிகிரி ஈறு பக்கம் சாய்த்து, பிராக்கெட்டுக்கு மேலே சின்னச் சின்ன வட்டமாக. பிறகு கீழிருந்து மேலே சாய்த்து, பிராக்கெட்டுக்கு அடியில். கீழ்ப்பல்லுக்கு இதையே தலைகீழாக. உள்பக்கமும் மெல்லும் பரப்பும் வழக்கம்போலத்தான். கடைசியில் பற்களின் இடுக்கைச் சுத்தம் செய்யும் குட்டி பிரஷை மேலிருந்து கம்பிக்கு அடியில் நுழைத்து, ஒவ்வொரு பிராக்கெட்டின் இரு பக்கமும் நாலைந்து முறை இழுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடியாது, நாலைந்து நிமிடம் ஆகும். காலையில் அவசரம் என்றால்கூட இரவில் விடக் கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் பல்லைக் காக்க ஆள் இல்லை.

பற்பசையில் ஃபுளோரைடு 1,350 முதல் 1,500 பி.பி.எம். வரை இருக்கட்டும். தேய்த்த பிறகு துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு உள்ள வாய் கொப்பளிப்பான் வாங்கினால், பல் தேய்க்காத வேறு நேரத்தில் 10 மில்லி எடுத்து ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். அடுத்த அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. பிரஷின் இழை கிளிப்பில் பட்டுச் சீக்கிரம் விரிந்துவிடும். மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

இனி கம்பி. முதல் சில மாதம் போடுவது நிக்கல் டைட்டானியம் கலந்த மெல்லிய கம்பி. கோணலாக இருந்த பற்கள் வரிசைக்கு வர வர, வளைந்து கிடந்த கம்பி நிமிர்ந்து, மிச்ச நீளம் பின்னால் நீட்டிக்கொள்ளும். அதனால் இது சிகிச்சை நடப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம். சில சமயம் கம்பி ஒரு பக்கமாக நழுவியிருக்கும். எதிர்ப்பக்கக் கடைவாய்ப்பல்லில் கம்பி நுழையும் சின்னக் குழாயில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவமனையில் சொல்லுங்கள். நறுக்கிவிடுவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. அதுவரை கிளிப்புக்கென்றே விற்கும் மெழுகு. பலர் ஈரத்தின்மேலேயே ஒட்டிவிட்டு ‘நிற்க மாட்டேன் என்கிறது’ என்பார்கள். கம்பி முனையை டிஷ்யூவால் துடைத்து உலர்த்தி, பட்டாணி அளவு மெழுகை விரலில் உருட்டி மிருதுவானதும் அழுத்தினால் நிற்கும். தவறி விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. புண்ணுக்கு, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு நாளைக்கு மூன்று நாலு முறை கொப்பளிக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கழன்ற பிராக்கெட்டுக்கு இன்றே போன் செய்யுங்கள். எந்தப் பல், கம்பியில் தொங்குகிறதா, முழுதாக வந்துவிட்டதா என்று சொன்னால் உடனே வர வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பிடிப்பு விட்ட பல் சொன்ன பேச்சுக் கேட்காது. பல்லின் நகர்வே மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்னும்போது, மூன்று வாரம் சும்மா போவது நஷ்டம். பிராக்கெட்டை இழுத்து எடுக்க வேண்டாம், மெழுகு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். வீட்டுப் பசை எதையும் தொடாதீர்கள். கழன்றபோது என்ன கடித்தாள் என்பதையும் சொல்லுங்கள். மேல்பல் கீழ் பிராக்கெட்டில் இடிக்கிறதென்றால் திரும்ப ஒட்டினாலும் கழலும், முதலில் அந்த இடிப்பைச் சரி செய்ய வேண்டும். ஒருவேளை பிராக்கெட்டை விழுங்கிய பிறகு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைவாய்ப்பல்லைச் சுற்றியிருக்கும் உலோக வளையம் ஆட்டம் கண்டால் அதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. வலி இருக்காது, ஆனால் வளையத்துக்குள் உணவு புகுந்து சத்தமில்லாமல் பல் சொத்தையாகும்.

சாப்பாட்டில் ஐஸ் கட்டி, கொட்டைகள், ஒட்டும் மிட்டாய் வேண்டாம். ஆப்பிள், கேரட் எல்லாம் சாப்பிடலாம், முன்பல்லால் கடிக்காமல் சின்னத் துண்டாக நறுக்கிப் பின்பல்லால் மெல்ல வேண்டும். பேனா கடிக்கும் பழக்கம் உண்டா என்றும் விசாரியுங்கள். இனிப்புப் பானத்தில் அளவைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்துவிடுவதைவிட, மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பதுதான் எனாமலைக் கரைக்கும்.

கம்பி மாற்றிய மறுநாள் வலி உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்துக்குள் அடங்கும். தாங்க முடியாவிட்டால் அவள் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் போதும்.

வெள்ளைத் திட்டு ஏற்கெனவே தென்பட்டால், பல்லை வெண்மையாக்கும் பசையோ சோடா உப்போ போட்டுத் தேய்க்காதீர்கள். அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். அதிக ஃபுளோரைடு பூச்சு வைத்து அதே கட்டத்தில் நிறுத்த முடியும். சுத்தம் தேறவே இல்லையென்றால், பல் கெடுவதைவிடக் கோணலாக இருப்பது மேல் என்று பல் மருத்துவர்களான நாங்களே கிளிப்பைப் பாதியில் கழற்றுவதும் உண்டு.