பாக்கி வசூலாச்சா? பங்கு வாங்கும் முன் கணக்கு பார்ப்பது பற்றி ஒரு கேள்வி பதில்

வங்கியில் கடன் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டு, இப்போது அண்ணா நகரில் ஓய்வாக இருக்கிறேன். கடன் கொடுப்பவன் கம்பெனிக் கணக்கை எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தே பழக்கம். பங்கு வாங்குகிறவருக்கும் அந்தக் கண் போதும் என்பது என் கட்சி. எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று சொல்ல எனக்கு செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு கிடையாது. அதைத் தவிர மற்றதைக் கேளுங்கள்.

உசிலம்பட்டி, பள்ளி ஆசிரியை: ஆனுவல் ரிப்போர்ட்டை இறக்கிவிட்டேன் சார். 300 பக்கம் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

நல்ல காரியம் செய்தீர்கள் டீச்சர். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. என்ற இரண்டு பங்குச் சந்தைகளின் இணையதளத்திலும் இது இலவசமாகக் கிடைக்கிறது; நிறையப் பேருக்கு அதுவே தெரியாது. முதல் அறுபது பக்கம் சேர்மன் புகைப்படம், காற்றாலை, சிரிக்கிற குழந்தைகள். தாண்டிவிடுங்கள்.

நேராக ஆடிட்டர் அறிக்கைக்குப் போங்கள். கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று சுத்தமாகச் சொல்லியிருக்கிறாரா, 'இந்த விஷயம் நீங்கலாக' என்று ஒரு வால் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். வால் இருந்தால் அதைப் பென்சிலால் கோடு போட்டு இரண்டு முறை படியுங்கள். கருத்துச் சொல்லவே இயலாது என்று எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

அப்புறம் அதே அறிக்கையின் இணைப்பு. கேரோ என்பார்கள். நிறுவனம் வங்கித் தவணை தவறியதா, பி.எஃப்., ஜி.எஸ்.டி. பாக்கி வைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பதில் இருக்கும். 2021-22 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடு காட்டி 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் (அன்றாட வியாபாரத்துக்கான கடன்) வரம்பு வாங்கிய கம்பெனி, வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த பட்டியலும் அதன் சொந்தக் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்று ஆடிட்டர் சொல்லியாக வேண்டும். நான் வேலையில் இருந்தபோது இந்த ஒரு பத்தி கிடைத்திருந்தால் பாதி ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

அதன் பிறகு கேஷ் ஃப்ளோ, அதாவது காசு உண்மையில் வந்ததும் போனதும்; அப்புறம் நோட்ஸ், அதாவது கணக்குக்குப் பின்னால் வரும் விளக்கக் குறிப்புகள். லாப நஷ்டக் கணக்கு கடைசியில். எல்லாரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும்.

தல்லாகுளம், ஐ.டி. ஊழியர்: நான் பார்க்கிற ஒரு கம்பெனிக்கு லாபம் 20 கோடி. ஆனால் கேஷ் ஃப்ளோவில் வியாபாரத்தில் வந்த பணம் மைனஸில் இருக்கிறது. இது எப்படி?

இன்றைக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் வியாபாரிக்கு மல்லிகையைக் கடனுக்கு ஏற்றிவிட்டால், கடைக்காரர் நோட்டில் அன்றைக்கே விற்பனை எழுதியாகிவிட்டது, லாபமும் எழுதியாகிவிட்டது. பூ மறுநாள் வாடிவிடும், பணம் எப்போது வரும் என்பது வேறு கதை. கம்பெனிக் கணக்கும் இப்படித்தான். சரக்கு கை மாறிய அன்று விற்பனை. காசு வருகிற அன்று அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போன வருட விற்பனை 200 கோடி, வரவேண்டிய பாக்கி 40 கோடி. பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 73 நாள். சராசரியாக அத்தனை நாளில் காசு வருகிறது. இந்த வருடம் விற்பனை 240 கோடி, பாக்கி 80 கோடி. இப்போது 122 நாள். விற்பனை 20 சதவீத வளர்ச்சி என்று தலைப்புச் செய்தி வரும். கூடின 40 கோடி விற்பனையும் கூடின 40 கோடி பாக்கியும் ஒன்றுக்கொன்று சரியாக இருப்பதை யாரும் எழுத மாட்டார்கள்.

அடுத்து நோட்ஸுக்குப் போங்கள். 2021 ஏப்ரலிலிருந்து வரவேண்டிய பாக்கியை வயது வாரியாகப் பிரித்துக் காட்டுவது கட்டாயம்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல். தகராறில் இருப்பவை தனியாக. வலது பக்கக் கட்டங்கள், அதாவது பழைய பாக்கிகள், வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனால், வராத காசை லாபமென்று எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட இடமுண்டு.

என் அனுபவம் ஒன்று. கடன் கேட்டிருந்த ஒரு வியாபார நிறுவனம், பெயர் வேண்டாம், டெப்டர்ஸ் (பாக்கி தரவேண்டியவர்கள்) பட்டியல் கொடுத்தது. அதில் ஒரு பார்ட்டியின் பெயரில் மூன்று வருடமாக ஒரே தொகை, ரூபாய் கூட மாறவில்லை. முகவரி சிம்மக்கல் பக்கம். மத்தியானம் நடந்தே போனேன். அந்தக் கதவு எண்ணில் பரோட்டாக் கடை இருந்தது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து குறிப்பு எழுதினேன். உங்களால் நடந்து போய்ப் பார்க்க முடியாது. ஆனால் அந்த வயதுப் பட்டியல் உங்களுக்காக நடந்துவிட்டு வருகிறது.

மேலூர்: பி.இ. எவ்வளவு இருந்தால் வாங்கலாம்?

பங்கின் விலையை ஒரு பங்குக்கான வருட லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. அந்தக் கணக்கில் இருக்கும் லாபம் எப்படி வந்தது என்று தெரியாமல் பி.இ. பேசாதீர்கள். நிலத்தை விற்ற லாபம் அந்த வருடத்தில் சேர்ந்திருந்தால் பி.இ. மலிவாகத் தெரியும். முகூர்த்த நாளில் மல்லிகை விற்ற விலையை 365-ஆல் பெருக்குகிற கதை அது.

கீழ மாசி வீதி, மளிகை மொத்த வியாபாரி: மேனேஜர் சார், கோபிக்கக் கூடாது. எங்க தெருவில் கடன் கொடுக்காதவன் கல்லாவைச் சாத்த வேண்டியதுதான். பாக்கி ஏறினாலே திருட்டு என்று சொன்னால் நாங்க எல்லாரும் திருடர்களா?

அண்ணாச்சி, திருட்டு என்று நான் சொல்லவில்லை, சந்தேகம் என்றேன். உங்கள் பாக்கி நோட்டில் யார் தருவான், யார் இழுப்பான் என்று உங்களுக்கு முகம் தெரியும். பங்கு வாங்குகிறவருக்கு முகம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அதனால்தான் எண்ணைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்கிறேன்.

திருநகர், சி.ஏ. மாணவர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் சார். உங்கள் உதாரணத்தில் ஒரு சின்னத் திருத்தம். விற்பனை வளர்ந்தால் பாக்கியும் வளரத்தானே செய்யும்? அதே 73 நாள் கணக்கில் 240 கோடிக்கு 48 கோடி பாக்கி நியாயம். கேள்விக்குரியது 80 அல்ல, மீதி 32 கோடிதான்.

சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நான் அவசரத்தில் 40-க்கு 40 என்று போட்டுக் காட்டிவிட்டேன். உங்கள் 32 தான் சரியான எண். வேகமாக வளரும் கம்பெனியில் ஓரிரு வருடம் கேஷ் ஃப்ளோ மைனஸில் போவது சகஜம். ஐந்து வருட லாபத்தையும் ஐந்து வருட வியாபாரப் பண வரவையும் தனித்தனியாகக் கூட்டி ஒப்பிடுங்கள். ஐந்து வருடத்திலும் ஒட்டவே இல்லையென்றால் வளர்ச்சி என்ற சமாதானம் செல்லாது.

மீண்டும் கீழ மாசி வீதி: தம்பி சரியாகச் சொன்னார். இன்னொன்று. எங்களுக்கு மில்காரர் 30 நாள் தவணை தருகிறார். நாங்க 20 நாளில் வசூலித்துவிட்டால் அவர் காசில்தான் எங்க வியாபாரம். இதை ஏன் சொல்லவில்லை?

சொல்ல விட்டால்தானே! நீங்கள் சொல்வதுதான் சூப்பர் மார்க்கெட் வித்தை: ரொக்கத்துக்கு விற்று, தவணையில் வாங்குவது. ஆகவே பாக்கி நாளோடு சரக்கு நிற்கும் நாளைக் கூட்டி, நாம் கொடுக்க வேண்டியதை இழுக்கும் நாளைக் கழிக்க வேண்டும். ஆனால் இதிலும் ஒரு பூனை ஒளிந்திருக்கிறது. மார்ச் மாதம் மட்டும் சப்ளையருக்குப் பணம் கொடுக்காமல் நிறுத்தினால் கேஷ் ஃப்ளோ அழகாக வந்துவிடும். வரவேண்டிய பில்களை வங்கியில் டிஸ்கவுண்ட் செய்து, அதாவது கொஞ்சம் கழிவு கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்கி, காசாக்கிக் காட்டுவதும் உண்டு. அதன் சுவடு சில சமயம் நோட்ஸில், நிச்சயமற்ற பொறுப்புகள் என்ற பகுதியில் கிடைக்கும்.

மீண்டும் கீழ மாசி வீதி: அப்போ பேங்கில் ரொக்கம் கிடக்கிற கம்பெனியென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

அண்ணாச்சி, என்னை மூலையில் தள்ளிவிட்டீர்கள். நம்ப முடியாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7 அன்று அந்த மென்பொருள் கம்பெனியின் சேர்மன் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் 5,361 கோடி என்று காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். ரொக்கத்தைச் சோதிக்க நான் சொல்லும் வழி, வட்டி வருமானத்தை இருப்போடு ஒப்பிடுவது. அங்கே அதுவும் கைகொடுத்திருக்காது: சேர்ந்த வட்டி என்று எழுதிய 376 கோடியும் பொய் என்று அதே கடிதத்தில் இருக்கிறது.

திருநகர் மாணவர்: அப்படியென்றால் வெளியில் இருப்பவருக்கு எந்தத் தடயமுமே இல்லையா சார்?

கணக்கில் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். நடத்தையில் இருந்தது. 2008 டிசம்பரில் அந்தக் கம்பெனி, ராஜு குடும்பத்தோடு தொடர்புள்ள இரண்டு மேடாஸ் கம்பெனிகளை வாங்கப் போகிறேன் என்று அறிவித்தது. பங்குதாரர்கள் போட்ட கூச்சலில் சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது. மென்பொருள் கம்பெனிக்கு நிலமும் கட்டுமானமும் எதற்கு? இல்லாத சொத்தை இருக்கும் சொத்தால் நிரப்பும் கடைசி முயற்சி அது என்று பிறகு அவரே எழுதினார். அதனால்தான் ஒவ்வொரு பதிலிலும் நோட்ஸ், நோட்ஸ் என்று கத்துகிறேன். சம்பந்தப்பட்டவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்று ஒரு நோட் இருக்கும். மகன் கம்பெனிக்குக் கடன், மச்சான் கம்பெனியிடம் கொள்முதல், மனைவி பெயரில் இருக்கும் கட்டடத்துக்கு வாடகை, எல்லாம் அங்கேதான் வரும்.

அவனியாபுரம்: ஒரு கம்பெனி பெயர் தருகிறேன், வாங்கலாமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: வங்கிப் பங்குக்கும் இதே முறைதானா? நம்ம பக்கத்து வங்கிகள் என்றால் ஒரு பாசம் இருக்கிறது.

இல்லை ஐயா, வங்கிக்கு வேறு கண்ணாடி வேண்டும். அங்கே கடன் என்பதே சரக்கு. கேஷ் ஃப்ளோவைப் பார்த்து ஒன்றும் தெரியாது. 90 நாளுக்கு மேல் தவணை வராத கடன் வாராக்கடன். மொத்த வாராக்கடன், ஒதுக்கீடு போக நிகர வாராக்கடன், மூலதன விகிதம் (கொடுத்த கடனுக்கு எதிரே வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு என்பது) மூன்றையும் எட்டுக் காலாண்டுக்கு வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். திசை தெரிந்துவிடும்.

பாசம் பற்றி ஒரு வார்த்தை. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியும் நம்ம பக்கத்து வங்கிதான். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைக் கட்டுப்பாட்டு வளையத்தில் வைத்தது. 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்தார்கள். டெபாசிட்காரர்களுக்குப் பணம் பத்திரமாக இருந்தது. பங்குதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம். மூலதனம் முழுவதையும் அழித்துவிட்டார்கள். அதற்கு முன் வருடக்கணக்கில் நஷ்டம் வந்ததை வங்கி மறைக்கவில்லை. ஒவ்வொரு காலாண்டும் அச்சிட்டு வெளியிட்டார்கள். 'விலை இவ்வளவு இறங்கிவிட்டது, இனி எங்கே இறங்கும்' என்று வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

வாடிப்பட்டி: ஒன்றுக்கு ஒன்று போனஸ், கையிலிருக்கும் ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். முன்னாலேயே வாங்கினால் லாபம்தானே?

ஒரு தோசையை இரண்டாகக் கிழித்தால் இரண்டு தோசை ஆகாது. பங்கு இரண்டாகும், ஒன்றின் விலை பாதியாகும்.

கே.கே. நகர்: புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறார் என்கிறார்கள். பெரிய விஷயமா?

காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குதாரர் விவரம் வெளிவரும். அடமான சதவீதமும் அதில் உண்டு. அளவு சிறியது, வருடா வருடம் குறைகிறது என்றால் பரவாயில்லை. ஏறிக்கொண்டே போனால் கவனம். விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கிடைக்காவிட்டால் அடமானப் பங்கைச் சந்தையில் விற்பார். அதனால் விலை இன்னும் இறங்கும். நகைக்கடன் ஏலத்துக்குப் போவது போலத்தான். என்ன வித்தியாசம், இங்கே உங்கள் நகையின் விலையும் சேர்ந்து இறங்கும்.

சோழவந்தான்: ஸ்டாண்டலோன் (தாய் நிறுவனம் மட்டும்), கன்சாலிடேட்டட் (துணை நிறுவனங்களும் சேர்த்து) என்று இரண்டு கணக்கு இருக்கிறதே, எதைப் பார்ப்பது?

கன்சாலிடேட்டட். துணை நிறுவனத்தின் கடனும் நஷ்டமும் அதில்தான் சேரும். தாய் நிறுவனக் கணக்கு மட்டும் பளபளவென்று இருந்தால் குப்பை எந்த வீட்டில் கொட்டியிருக்கிறது என்று தேடுங்கள்.

செல்லூர்: பங்கு விற்ற லாபத்துக்கு வரி எவ்வளவு?

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஒத்தக்கடை: பி.இ. 15-க்குக் கீழே இருந்தால் மலிவு என்று டெலிகிராமில் ஒருவர்...

மேலூர்க்காரருக்குச் சொன்ன பதில்தான். டெலிகிராமில் சொல்கிறவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை செபி தளத்தில் போட்டுச் சரிபார்த்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்லுங்கள்.

மீண்டும் கீழ மாசி வீதி: மேனேஜர் சார், கடைசியாக ஒன்று. நான் நாலு வருடமாக வைத்திருக்கிற ஒரு பங்கின் ரிப்போர்ட்டை இப்போதுதான் பையன் எடுத்துக் கொடுத்தான். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாக்கி என்ற கட்டத்தில் 11 கோடி இருக்கிறது. என்ன செய்ய?

பதறாதீர்கள் அண்ணாச்சி. அந்தக் கட்டத்துக்குக் கீழே, வராத பாக்கிக்காக எவ்வளவு ஒதுக்கீடு என்று ஒரு வரி இருக்கும். 11 கோடிக்கும் ஒதுக்கியிருந்தால் அந்த அடியை லாபத்தில் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஒரு கோடிதான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், மீதி 10 கோடியை அந்தக் கம்பெனியின் ஒரு வருட லாபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன வருட ரிப்போர்ட்டையும் பையனை எடுக்கச் சொல்லுங்கள். அப்போது இரண்டு முதல் மூன்று வருடக் கட்டத்தில் இருந்த தொகைதான் இப்போது ஒரு கட்டம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள்.