பால்டிமோர் சுரங்கமும் உங்கள் கேஸ் சிலிண்டரும்

வணக்கம். வாஷிங்டனிலிருந்து நியூ ஜெர்சிக்கு வாடகை மோட்டார் ஹோமில் (சமையல், படுக்கை வசதியுள்ள வண்டி) போகிறீர்கள், அதிலுள்ள புரொபேன் கேஸின் வால்வை மூடிவிட்டால் பால்டிமோர் சுரங்கத்தில் விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். விடமாட்டார்கள். வர்ஜீனியாவின் செசபீக் விரிகுடாச் சுரங்கத்தில் வால்வை மூடினால் போகலாம். பலர் அதை வைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பால்டிமோரின் ஃபோர்ட் மெக்ஹென்றி, ஹார்பர் என்ற இரண்டு சுரங்கங்களிலுமே சிலிண்டருக்கு 10 பவுண்டுதான் வரம்பு. டிரெய்லர்களில் சாதாரணமாக இருப்பதே 20 பவுண்டு; மோட்டார் ஹோம் டாங்க் இன்னும் பெரிது.

ஐ-95 நெடுஞ்சாலையில் நகரத்துக்கு முன்பே, பால்டிமோரைச் சுற்றிப் போகும் ஐ-695ல் ஏறி, மேற்குப் பக்கமாக டௌசன் வழியே சுற்றி மறுபடி ஐ-95ஐப் பிடியுங்கள். பழைய பதிவுகள் சொல்லும், ஐ-695ன் கிழக்குப் பக்கத்தில் இருந்த 'கீ' பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது. ஜிபிஎஸ் சுரங்கத்துக்கே இழுக்கும். 'டோல் தவிர்' என்று போட்டுப் பாருங்கள், இரண்டு சுரங்கமும் கட்டணச் சாலைதான்.

அப்புறம், சுரங்கம் இல்லாவிட்டாலும் ஓடும்போது வால்வை மூடிவையுங்கள். புரொபேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். வால்வை மூடினால் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் நின்றுவிடும்; ஆனாலும் அதைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தயிர் புளிக்காது.